சண்டை இல்லாத ஊருக்குத் தண்ணீர் இல்லை

மாவட்ட ஒற்றுமை வாரியம் கிருஷ்ணகிரியில் ஒரு வாடகை மாடியில் இயங்கி வந்தது. மாடிக்குப் போகும் படியில் இரண்டு பேர் சேர்ந்து ஏற முடியாது. ஒருவர் இறங்கிய பிறகுதான் இன்னொருவர் ஏற வேண்டும். சென்னப்பனும் கௌஸ் மொய்தீனும் அப்படித்தான், ஒருவர் பின் ஒருவராக ஏறிப் போனார்கள்.

அது தொண்ணூற்று மூன்றாம் வருடத்துக் கோடை. முந்தின டிசம்பரில் வடக்கே நடந்த கலவரங்களுக்குப் பிறகு, நம் மாவட்டத்திலும் ஒற்றுமை இருக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவு செய்து இந்த வாரியத்தை அமைத்திருந்தார்கள். ஒரு தனி அலுவலர், ஒரு ஜீப், ஒரு தட்டச்சு இயந்திரம், வெள்ளைப் புறாக்கள் வைக்க ஒரு கூண்டு. புறாக்கள் இன்னும் வந்து சேரவில்லை.

சென்னப்பன் ஓசூரில் ஒரு வார்ப்பு இரும்புத் தொழிற்சாலையில் ஹெல்பர். கௌஸ் மொய்தீன் பழைய இரும்பு வியாபாரி. இருவரும் உத்தனப்பள்ளி சாலையில் கல்லுக்குட்டை காலனியில் அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள். காலனிக்கு மூன்று வருடமாக மழை இல்லை. ஏரியில் பாதியை மண் கொட்டி மூடி வீட்டுமனை போட்டுவிட்டார்கள். மீதிப் பாதி தானாகவே வற்றியது. தொழிற்சாலைகள் தங்கள் போர்க் கிணறுகளை ஆழப்படுத்திக்கொண்டே போனதில் காலனியின் அடிகுழாய் காற்றை மட்டும் கொடுத்தது. கௌஸ் மொய்தீனின் நான்கு மாமரங்களுக்கு நடுவே இருந்த கிணற்றில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் மிச்சம். காலனி முழுவதும் அதில்தான் சேந்திக் குடித்தது. வாளியில் இப்போது தண்ணீரைவிடச் சேறு அதிகம் வந்தது.

காலனிக்கு ஒரு போர் போட்டுத் தரக் கேட்டு அவர்கள் கொடுத்த மனுவைத் தனி அலுவலர் அண்ணாதுரை படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"ரெண்டு பேரும் சேர்ந்தா வந்தீங்க?"

"ஆமாங்க. ஒரே பஸ்ஸுல" என்றான் சென்னப்பன்.

"பக்கத்துல பக்கத்துல உக்காந்தா?"

"பாய்க்கு ஜன்னலோரம் வேணும்னாரு. வுட்டுக் குடுத்துட்டேங்க."

அண்ணாதுரை பேனாவை மூடி வைத்தார். ஒரு டாக்டர் கெட்ட செய்தி சொல்லும் முகத்தோடு அவர்களைப் பார்த்தார்.

"உங்க ஊர்ல ஏதாவது பழைய பகை உண்டா? ஊர்வலத்துல கல்லெறிஞ்சது, கொடிக் கம்பத்தை வெட்டுனது, அந்த மாதிரி?"

"இல்லீங்களே. போன மாரியம்மன் பண்டிகைக்குக் கூழ் காய்ச்ச அண்டாவே பாய் ஊட்டுதுதாங்க."

"இதை வெளிய எங்கயும் சொல்லாதீங்க" என்றார் அண்ணாதுரை பதறிப் போய். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து விளக்கினார். வாரியத்திடம் போர் போடும் திட்டம் ஒன்று இருப்பது உண்மைதான். ஆனால் அதன் முழுப்பெயர் பதற்றப் பகுதி நல்லிணக்கக் குடிநீர்த் திட்டம். "ரெண்டு தரப்பும் முதல்ல தண்ணிக்காக அடிச்சுக்கணும். நாங்க வந்து சமாதானம் பண்ணுவோம். அந்தச் சமாதானத்தோட அடையாளமா போர் போட்டுத் தருவோம். அடிச்சுக்காதவங்களுக்கு எதோட அடையாளமாப் போடறது?"

"குடிக்கறதுக்குப் போடலாங்களே" என்றார் கௌஸ் மொய்தீன்.

"குடிக்கிறது வேற டிபார்ட்மெண்ட்."

"அங்க போனோம்ங்க. நீங்க தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கீங்க, கம்பெனியில கேளுங்கன்னாங்க. கம்பெனியில போயி கேட்டா, நீங்க பஞ்சாயத்து, இங்க வரக்கூடாதுன்னு வாச்மேனே தொரத்திட்டான்."

அண்ணாதுரை கெட்டவர் அல்லர். யாருக்காவது ஒற்றுமையை வழங்காமல் நிதியாண்டு முடிந்துவிடுமோ என்ற கவலை அவருக்கும் இருந்தது. குரலைத் தணித்துச் சொன்னார்: "ரத்தமெல்லாம் வேண்டாம். ஒரு வாக்குவாதம் போதும். பாய் தண்ணி தரமாட்டேன்னாருன்னு நீங்க ஒரு வாக்குமூலம் குடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

சென்னப்பன் கௌஸ் மொய்தீனைப் பார்த்தான்.

"எழுதிக் குடு, சென்னப்பா" என்றார் அவர். "தண்ணி வந்தா சரி. எனக்கென்ன கொறஞ்சுடப் போவுது?"

அன்று மாலையும் இருவரும் ஒரே பஸ்ஸில்தான் திரும்பினார்கள். ஆனால் அலுவலர் சொன்னபடி தள்ளித் தள்ளி உட்கார்ந்துகொண்டார்கள்.

அடுத்த வாரம் வாரியத்திலிருந்து பதற்றத்தை ஆய்வு செய்ய ஓர் ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. சென்னப்பன் காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு, கௌஸ் மொய்தீனோடு மாமரத்தடியில் சண்டைக்கு நின்றான்.

"யோவ் பாய், தண்ணி குடுப்பியா மாட்டியா?"

"குடுக்க மாட்டேன். போடா!"

இதற்குள் கௌஸ் மொய்தீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சென்னப்பனுக்கும் வந்தது. ஆய்வாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "இதை நான் எப்படிங்க பதற்றம்னு எழுதறது?" என்று சலித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் குழாயடிப் பக்கம் நிஜமான கூச்சல் கேட்டது. சென்னப்பனின் மனைவி வெங்கடம்மாவும் அண்டை வீட்டு ரங்கம்மாவும் ஒரு கோழி விஷயமாக ஒருவர் தலைமுடியை ஒருவர் பிடித்திருந்தார்கள். ஆய்வாளர் உற்சாகமாக ஓடினார்.

"இதுல யாரு எந்த மதம்?"

"ரெண்டு பேரும் ஒரே கோயில்தாங்க" என்றான் சென்னப்பன்.

ஆய்வாளர் குறிப்பேட்டை மூடினார். "அப்போ இது குடும்பப் பிரச்சினை. நேரத்தை வீணாக்கறீங்க."

இருந்தாலும் வாக்குமூலம் ஒன்று இருந்தது அல்லவா? அதை வைத்து அண்ணாதுரை பத்திரிகைகளுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். 'கல்லுக்குட்டையில் தண்ணீர் மறுப்பு. இரு பிரிவினரிடையே பதற்றம். ஒற்றுமை வாரியம் விரைவு.' மறுநாள் சேலம் பதிப்பில் வந்தது.

அப்போது கௌஸ் மொய்தீனின் மனைவி காத்தூன் வேப்பனப்பள்ளியில் தாய் வீட்டில் இருந்தாள். அண்ணன் பேப்பரை வாசித்துக் காட்டியதும் அழுதுகொண்டே அடுத்த பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டாள். வீட்டுக்குக்கூடப் போகாமல், பையோடு நேரே வெங்கடம்மா வாசலில் வந்து நின்றாள்.

"அக்கா, நெசமாவே அண்ணன் அப்பிடி எழுதிக் குடுத்தாரா? நாங்க தண்ணி இல்லன்னமா?"

வெங்கடம்மாவுக்கு அப்போதுதான் விஷயமே தெரியும். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சென்னப்பன் கூனிப் போனான்.

"ஒரு பேச்சுக்குத்தான் காத்தூனு. ஆபீசர் சொன்னாரு. பாயும் சரின்னாரு."

"எங்கண்ணன் ஊரு முழுக்க இதைப் பேச்சுன்னு நெனைக்கலியே" என்றாள் காத்தூன். "பஸ்ஸுல ரெண்டு பேரு என்னையப் பாத்து மொறைச்சுக்கினே வந்தாங்க."

உலைக்கூடத்து வெக்கையில் எட்டு மணி நேரம் நிற்கும் சென்னப்பன், தன் வாசலில் நிற்க முடியாமல் உள்ளே போய்விட்டான்.

பேப்பரை இன்னொருவரும் படித்திருந்தார். ஓசூரில் தாய்மண் காவல் படை என்ற அமைப்பை நடத்தி வந்த நாராயணப்பன். ஏரியில் மண் கொட்டி மனை போட்டவரும் அவர்தான். மறுநாளே ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பில் கல்லுக்குட்டைக்கு வந்துவிட்டார். எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதற்காகத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும் ஒரே கோபத்தைச் சொன்னார்.

"மழை ஏன் பெய்யல? யோசிச்சீங்களா? நம்ம பூமிக்கடியில ஓடற தண்ணி எல்லாம் சாய்ஞ்சு சாய்ஞ்சு அவன் கெணத்துக்குப் போவுது! நம்ம ஊர்ல நமக்குத் தண்ணி இல்ல!"

"ஏரியில தண்ணி இருந்தாத்தான் சாய்றதுக்கு" என்றாள் வெங்கடம்மா. "அதை மூடுனது யாருங்க?"

நாராயணப்பன் அதற்கு மூன்று மொழியிலும் பதில் சொல்லவில்லை. அவரோடு வந்தவர்கள் கௌஸ் மொய்தீனின் மாமரத்தில் ஒரு கொடியைக் கட்டினார்கள். தடி வைத்த ஐந்தாறு இளைஞர்கள் கிணற்றுப் பாதையில் உட்கார்ந்துகொண்டார்கள். இந்துக்கள் யாரும் அந்தக் கிணற்றில் தண்ணீர் எடுத்து மானம் இழக்கக் கூடாதாம். எடுத்தால் காலை முறிப்பார்களாம். சென்னப்பனின் மானத்தைக் காப்பாற்ற அன்று அவன் வீட்டில் சோறு வடிக்கவில்லை.

கௌஸ் மொய்தீன் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குள்ளேயே இருந்தார். சென்னப்பன் நேரே கிருஷ்ணகிரிக்கு ஓடினான்.

"சார், நெசமாவே வந்துட்டாங்க. எழுதிக் குடுத்ததை வாபஸ் வாங்கிக்கறேன்."

அண்ணாதுரையின் முகம் மலர்ந்திருந்தது. "வாபஸா? உங்க ஊரை மூணாம் வகுப்புல இருந்து முதல் வகுப்புப் பதற்றமா உயர்த்திட்டாங்க. வர்ற வெள்ளிக்கிழமை சமாதான மாநாடு. போர் வண்டிக்கும் சொல்லியாச்சு. திருச்செங்கோட்டுலருந்து வருது."

"தடி வெச்சிருக்கவங்களை யாருங்க எழுப்பறது?"

"அவங்க இல்லேன்னா மாநாடு யாருக்கு?" என்று அன்பாகக் கேட்டார் அண்ணாதுரை.

வெள்ளிக்கிழமை வெயில் காலையிலேயே நெருப்பாக இருந்தது. வற்றிய ஏரியில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிரமுகர்களின் கார்கள் வரும்போது தூசி கிளம்பக்கூடாது என்று ஒரு டேங்கர் லாரி பாதை முழுவதும் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனது. பெண்கள் குடத்தோடு அதன் பின்னால் ஓடினார்கள். டிரைவர், "இது ரோட்டுக்கு ஒதுக்குன தண்ணிம்மா" என்று நிறுத்தாமல் ஓட்டினான்.

மேடையில் பெரும்பான்மையினரின் பிரதிநிதியாக நாராயணப்பன் உட்கார்ந்திருந்தார். சிறுபான்மையினரின் பிரதிநிதியாக யாரைப் போடுவது என்பதில் சிக்கல் ஏற்பட்டது. கௌஸ் மொய்தீனைக் கேட்டால், எனக்கு யாரோடும் சண்டை இல்லையே என்றார். அப்படிப்பட்டவரைச் சமாதானப் பேச்சுக்கு அழைக்க விதியில்லை. கடைசியில் பெங்களூரிலிருந்து ஒரு துணிக்கடை முதலாளியை வரவழைத்தார்கள். கல்லுக்குட்டை எங்கே இருக்கிறது என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் இருமுறை கேட்டார்.

பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் சுற்றுச்சூழல் அதிகாரி முதலில் பேசினார். "எங்கள் நிறுவனம் இந்தப் பகுதியில் ஆயிரம் மரக்கன்றுகள் நட்டது. தண்ணீர் இல்லாததால் அவை காய்ந்துவிட்டன. ஆனால் நடும் இலக்கு முழுமையாக எட்டப்பட்டது. இந்த ஆண்டும் அதே குழிகளில் நடுவோம்."

அடுத்து அண்ணாதுரை எழுந்தார். "உலகம் சூடாகி வருவதாக வெளிநாட்டு விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்த உலகத்தில் நமது தாலுகாவும் சேர்க்கப்பட்டிருப்பதாக இதுவரை ஆணை எதுவும் வரவில்லை. ஆகவே மக்கள் பீதியடைய வேண்டாம். இன்று நமக்கு வேண்டியது தண்ணீர் அல்ல, ஒற்றுமை. தண்ணீர் வந்தால் ஒற்றுமை வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். ஒற்றுமை வந்துவிட்டால் இந்த வாரியம் எதற்கு என்று அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்!"

கைதட்டல் ஓய்ந்தபோது வெங்கடம்மா மேடைக்குக் கீழே வந்து நின்றாள். புடவையெல்லாம் நனைந்திருந்தது.

"சார், கெணத்தாண்ட அடிக்கறாங்க. காத்தூனு சேந்திக் குடுத்த கொடத்தை எல்லாம் எத்தி ஒடைக்கறாங்க. வாங்க சார்."

அண்ணாதுரை ஒலிபெருக்கியைக் கையால் மூடிக்கொண்டு, "மேடையில அமைதி நிலவுதும்மா, கலைக்காதீங்க" என்றார். நாராயணப்பன் கையிலிருந்த ரோஜாப்பூவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

வெங்கடம்மா திரும்பி ஓடினாள். கூட்டத்தில் நின்றிருந்த சென்னப்பன் அவளுக்கு முன்னால் ஓடினான்.

மாமரத்தடியில் கௌஸ் மொய்தீன் கீழே கிடந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் வழிந்து தாடியில் இறங்கியது. காத்தூன் அவர்மேல் குனிந்து மறைத்துக்கொண்டிருந்தாள். ஒருவன் மறுபடி தடியை ஓங்கினான். சென்னப்பனுக்கு அதற்கு மேல் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. இடையில் போய் விழுந்தான். அடி அவன் தோளில் இறங்கியது.

"ஏன்டா, உனக்காகத்தானேடா நிக்கிறோம்!" என்றான் தடிக்காரன் நிஜமான குழப்பத்தோடு.

"எனக்காக யாரும் நிக்க வேணாம். போங்கடா!"

முதல் ஷிப்ட் முடிந்த கம்பெனி பஸ் அப்போதுதான் சாலையில் வந்து நின்றது. இறங்கியவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார்கள். ராயக்கோட்டைக்காரர், திருநெல்வேலிக்காரர், கன்னடம் பேசுகிறவர், தெலுங்கு பேசுகிறவர் எல்லோரும் சோற்றுப் பாத்திரத்தோடு ஓடி வந்தார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை. கிணற்றிலிருந்து காலனி வரை பாதையின் இரு பக்கமும் நெருக்கமாக நின்றுகொண்டார்கள். நடுவே வெங்கடம்மா குடத்தோடு நடந்தாள். அவள் பின்னால் ரங்கம்மா, மற்றப் பெண்கள். தடிக்காரர்கள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு ஒருவன் பின்வாங்கினான், மற்றவர்களும் ஜீப்பை நோக்கிப் போனார்கள். ரங்கம்மா மரத்திலிருந்த கொடியை அவிழ்த்து, சுருட்டி, ஜீப்புக்குள் போட்டுவிட்டு வந்தாள்.

மாநாடு முடிந்து அண்ணாதுரை வந்து சேர்ந்தார். கௌஸ் மொய்தீனின் தலைக்குச் சென்னப்பன் தன் துண்டைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தான். அதைப் பார்த்ததும் அண்ணாதுரையின் முகம் வாடிவிட்டது.

"யாரு யாரை அடிச்சது?"

"அவங்க எங்க ரெண்டு பேரையும் அடிச்சாங்க."

"ரெண்டு பேரையுமா? ரெண்டு தரப்பும் ஒரே பக்கம் நின்னுட்டா எதிர்த்தரப்பு யாருங்க?"

"தடி வெச்சிருந்தாங்களே சார், அவங்கதான்!"

"அவங்க எப்படி? அவங்க சமாதானக் கமிட்டி உறுப்பினர்களாச்சே" என்றார் அண்ணாதுரை. அங்கேயே நின்று யோசித்து முடிவெடுத்தார். இந்தக் காலனியில் வகுப்புப் பதற்றம் இல்லை என்பது நேரடி ஆய்வில் நிரூபணமாகிவிட்டது. எனவே திட்டம் ரத்து. போர் வண்டி திரும்பிப் போகலாம்.

"எங்களை ஏமாத்திட்டீங்க" என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

போர் வண்டி மட்டும் நின்றது. அதன் டிரைவர் ஜெயமணி திருச்செங்கோட்டுக்காரர். காலையிலிருந்து ஷாமியானா பக்கத்தில் காட்சிக்கு நிறுத்தப்பட்டு, மாலை போட்டுக்கொண்டு, ஒரு வாய் சோறில்லாமல் உட்கார்ந்திருந்தார். வெங்கடம்மா போய்ச் சாப்பிடக் கூப்பிட்டாள். காத்தூன் வீட்டுக் குழம்பும் வெங்கடம்மா வீட்டுக் களியுமாகச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவத் தண்ணீர் கேட்டார். கால் சொம்புதான் வந்தது. அதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வண்டியத் திருப்பி ஓட்டுன்னு அந்த ஆபீசர் உங்ககிட்டதானுங்க சொன்னாரு?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லலைங்க. எங்கிட்டச் சொன்னது கல்லுக்குட்டையில ஒரு போர் போடணும்ங்கிறதுதானுங்க. இடத்தைக் காட்டுங்க."

சாயங்காலம் எந்திரம் முழங்கியது. வெள்ளைத் தூள் காலனி முழுவதும் பறந்து எல்லோர் தலையும் ஒரே நிறமாக நரைத்தது. கருங்கல்லைத் தாண்டி வெகு ஆழத்தில் தண்ணீர் பீறிட்டு மேலே வந்தபோது, காத்தூன் வெங்கடம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. கௌஸ் மொய்தீன் தன் பழைய இரும்புக் குவியலில் ஓர் அடிகுழாய்த் தலையைத் தேடி எடுத்தார். சென்னப்பனின் ஷிப்ட் ஆட்கள் அதைச் செப்பனிட்டுப் பொருத்தினார்கள்.

பத்து நாள் நன்றாகத் தண்ணீர் குடித்தார்கள். பிறகு வாரியத்திலிருந்து வந்து குழாய்க்குச் சங்கிலி போட்டு, அரக்கு முத்திரை வைத்தார்கள். பதற்றம் இல்லாத பகுதியில் பதற்றத் திட்டத்துக் குழாய் இயங்குவது விதிமீறல். சென்னப்பன் சங்கிலியைப் பார்த்தான். மே மாத வெயிலில் வரிசையாகக் காத்திருந்த குடங்களைப் பார்த்தான். கௌஸ் மொய்தீன் கடையிலிருந்து சம்மட்டியை எடுத்து வந்தார்.

இப்படியாக வழக்கு ஓசூர் கோர்ட்டுக்கு வந்தது. எழுத்தர் குற்றப்பத்திரிகையை உரக்கப் படித்தார்: "மேற்படி சென்னப்பன் மற்றும் கௌஸ் மொய்தீன் ஆகிய இருவரும் ஒன்று சேர்ந்து, ஒருவருக்கொருவர் உடந்தையாக, ஒரே எண்ணத்துடன்..."

அரசாங்கம் தங்களைப் பற்றி இவ்வளவு நல்லதாக எழுதும் என்று சென்னப்பன் எதிர்பார்க்கவில்லை. பக்கத்தில் பார்த்தான். நெற்றியில் தையல் தழும்போடு கௌஸ் மொய்தீன் கையைக் கட்டிக்கொண்டு நேராக நின்றிருந்தார்.

"ஒத்துக்கறீங்களா?" என்று கேட்டார் நீதிபதி.

"ஒத்துக்கறோம்ங்க" என்றார்கள் இருவரும்.

சாட்சி சொல்ல வந்திருந்த அண்ணாதுரை வாசல் பக்கம் கவலையோடு திரும்பிப் பார்த்தார். அங்கே வெங்கடம்மா, காத்தூன், ரங்கம்மா, பின்னால் ஷிப்டுக்குப் போகாத ஆண்கள் எல்லோரும் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"யாரும்மா நீங்கல்லாம்? எதுக்கு வர்றீங்க?"

"நாங்களும்தாங்க ஒடைச்சோம்" என்றாள் வெங்கடம்மா. "எங்க பேரை வுட்டுட்டாங்க. எழுதிக்கச் சொல்லுங்க."